பூட்டு டிஸ்க்

1987ஆம் ஆண்டு வருஷப்பிறப்பு முடிந்த வாரத்தில், ஈப்போ பழைய நகரத்தில் மாடியில் இருந்த வழக்கறிஞர் சதாசிவத்தின் அலுவலகத்தில் ஒரு செய்தி சொல்லப்பட்டது. ஆகஸ்டு மாதம் கம்ப்யூட்டர் வரும். அது வந்தபின் இரண்டு தட்டச்சர்கள் தேவைப்படாது, ஒருவர் போதும். யார் இருப்பது என்று ஒரு சின்னச் சோதனை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவையும் நின்றபடியே சொல்லிவிட்டு அவர் கோர்ட்டுக்குப் போய்விட்டார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் இப்படித்தான், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு உடனே கோர்ட்டுக்குப் போய்விடுவார்கள்.

இரண்டு தட்டச்சர்களில் மூத்தவள் நவமணி. வயது நாற்பத்து நான்கு. பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி, அதே மேசை. சாயங்காலம் கேபினெட்டைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கடைசியாக இறங்குகிறவளும் அவள்தான். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். விடியுமுன் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடிய அம்மாவைப் பார்த்து வளர்ந்ததால் தோட்டத்தை நினைத்து அவள் ஒருநாளும் ஏங்கியதில்லை. தட்டச்சு வகுப்பில் சேர்ந்து, அந்தப் பத்து விரல்களைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். இப்போது காலையில் எழுந்தால் மோதிர விரல் மடங்குவதில்லை. சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும்.

இளையவள் பெட்ரீசியா. இருபத்தாறு வயது. அவளுடைய அப்பாவைக் காம்பாரில் ஈயச் சுரங்கம் மூடியபோது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு வருஷமாக இருவரும் எதிரெதிர் மேசை, ஒரே சாப்பாட்டு நேரம். நவமணியின் புளிக்குழம்பில் பாதி பெட்ரீசியாவுக்கு, பெட்ரீசியாவின் நெத்திலி சம்பலில் பாதி நவமணிக்கு. அன்றைக்கும் அப்படியே பகிர்ந்து சாப்பிட்டார்கள். கம்ப்யூட்டரைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

வேலை போனால் என்ன ஆகும் என்று நவமணி யோசித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கணவர் பெயர் பத்துமலை. குனோங் ராபாட்டில் கல்லுடைக்கும் இடத்து லாரி ஓட்டுகிறார். போன வருஷத்திலிருந்து வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. மகள் ஃபார்ம் ஃபைவ், பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். வீட்டை இழுத்துக்கொண்டு போவது நவமணியின் விரல்கள்தான். ஆகவே ஒரு கம்ப்யூட்டரை வீட்டுக்கே வாங்கி, ஆகஸ்டுக்குள் படித்துவிடுவது என்று முடிவு செய்தாள். இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் என்றால் தட்டச்சு இயந்திரம் போல ஒரே வகை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அப்படி இல்லையாம். மேலே தெரியும் பெட்டி எதுவானாலும், உள்ளே இருந்து அதை நடத்துகிற ஒன்று உண்டாம், அதிலேயே பல வகையாம். ஒன்றின் பெயர் டாஸ். இன்னொன்றின் பெயர் சிபிஎம். ஒன்றுக்குப் பழகியவன் இன்னொன்றின் முன்னால் உட்கார்ந்தால் முழிப்பானாம். அலுவலகத்துக்கு வரப்போவது எந்த வகை என்று சதாசிவத்தையே கேட்டாள்.

"கம்ப்யூட்டர்னா கம்ப்யூட்டர்தான்லா நவமணி" என்றார் அவர். அவருக்கும் தெரியாது.

தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? பத்துமலையின் கங்காணி ஒன்று சொன்னார், கோயில் செயலாளர் ஒன்று சொன்னார், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி தன் மைத்துனர் சொன்னதாக ஒன்று சொன்னாள். கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்க்காதவர்களிடம்தான் கருத்து அதிகம் இருந்தது. ஒரு மாதம் இப்படியே மண்டை காய்ந்தது. கடைசியில் வழி இரண்டாகக் குறைந்தது.

முதல் வழி, புதிய நகரத்துக் கடையில் இருந்த டாஸ் இயந்திரம். இரண்டு வருஷத் தவணை. விற்ற சீனப் பையன் மலாயில் பொறுமையாக விளக்கினான். இதற்கு பூட் டிஸ்க் தனியாக வேண்டாம், பூட் எல்லாம் உள்ளேயே இருக்கிறது, தானாகவே ஆகிவிடும் என்றான்.

இரண்டாவது வழி, இரண்டு வீடு தள்ளி இருந்த பெர்னார்ட். காம்பார் சுரங்க ஆபீசில் ஸ்டோர் கிராணியாகக் கணக்கெழுதியவர். ஆபீசை மூடிச் சாமான்களை விற்றபோது தையல் மெஷின் பெட்டி அளவுக்கு ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கி வந்திருந்தார். பச்சை எழுத்து, உள்ளங்கை அகலத்தில் திரை. அது சிபிஎம். குறைந்த விலைக்குத் தருகிறேன், சொல்லியும் தருகிறேன் என்றார். உறையில் இருந்த கறுப்பு டிஸ்க் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இதுதான்க்கா பூட்டு டிஸ்க்கு. இது இல்லாம ஒண்ணும் நடக்காது. பத்திரமா வச்சிக்குங்க."

பூட் என்று அவர் சொன்னாரா, பூட்டு என்று சொன்னாரா? நம் வாயில் லைட் லைட்டாகிறது, கேட் கேட்டாகிறது, பூட் மட்டும் என்ன செய்யும்? நவமணிக்குக் கேட்டது பூட்டு. பத்தொன்பது வருஷமாகச் சாவியோடு வீட்டுக்குப் போகிறவளுக்கு வேறு எப்படிக் கேட்கும்? கடைக்காரப் பையனுடைய இயந்திரம் தன்னைத் தானே உள்ளே பூட்டிக்கொள்ளும். ஒருநாள் மாட்டிக்கொண்டால் யார் திறப்பது? இதற்கோ பூட்டு கையில் இருக்கிறது. அவளுக்கு அதுவரை இருந்த குழப்பமெல்லாம் தெளிந்துவிட்டது. சிபிஎம் வீட்டுக்கு வந்தது.

அதிகாலை ஐந்து மணிக்கு, சோறு கொதிக்கும் நேரத்தில், அவள் படித்தாள். இயந்திரத்தைப் போட்டு, பூட்டு டிஸ்க்கை நுழைத்தால் அது திறந்துகொண்டது. பிறகு 'டபிள்யூ எஸ்' என்று இரண்டு எழுத்து அடித்தால் வேர்ட்ஸ்டார் வந்தது. அதில்தான் கடிதமும் பத்திரமும் அடிப்பது. எழுத்தைத் தப்பாக அடித்தால், அடித்ததையே திருப்பிக் காட்டி ஒரு கேள்விக்குறி போடும், அவ்வளவுதான். மரியாதை தெரிந்த இயந்திரம். தோட்டத்து லயத்து வீடு மாதிரி எல்லாம் ஒரே அறையில் கிடக்கும், எதையும் தேடிப் போக வேண்டியதில்லை. முடித்தபின் மறுபடியும் பூட்டு டிஸ்க்கை நுழைத்து, மனதுக்குள் பத்து எண்ணி, அணைத்து, டிஸ்க்கை நகைப் பெட்டியில் வைப்பாள். வளையல் இல்லாத பெட்டியில் இடம் நிறைய இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிறு மதியம் பெர்னார்ட் வந்திருந்தார். அவள் பத்து எண்ணுவதைப் பார்த்துவிட்டு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். பூட்டுகிறேன் என்றாள். அவர் சிரிக்கவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"அது பூட்டு இல்லக்கா. பூட். இங்கிலீஷ்ல எழுப்பி விடறதுக்கு அப்பிடிச் சொல்றாங்க."

"அப்ப அந்தக் கடைக்காரப் பையன் சொன்னது?"

"அது தானா எந்திரிச்சிக்கும்னு சொல்லியிருப்பான்."

தானாக எழுந்து வேலைக்கு வருகிற ஒன்றை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, தினமும் எழுப்பி விட வேண்டிய இன்னொன்றைத் தேடிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். அதற்குத்தான் ஏற்கெனவே பத்துமலை இருக்கிறாரே. கோபப்படவும் தெம்பில்லை. வாங்கியாயிற்று, வளையலும் போயாயிற்று. மறுநாளும் ஐந்து மணிக்கு எழுந்தாள்.

ஜூன் முடிவதற்குள் வேர்ட்ஸ்டார் அவள் விரலில் ஏறிவிட்டது. கண்ட்ரோல் விசையோடு எந்த எழுத்தை அழுத்தினால் என்ன ஆகும் என்பது தலைக்கு மறந்தாலும் கைக்கு மறக்கவில்லை. அதில் ஒன்று அவளுக்கு ரொம்பப் பிடித்தது. அடித்து முடித்த பத்தியின் நடுவில் புதிதாக ஒரு வாக்கியத்தை நுழைத்தால், வரிகள் கோணலாகி ஓரத்தைத் தாண்டிப் போய்விடும். கண்ட்ரோலையும் பி-யையும் சேர்த்து அழுத்தினால் போதும், பத்தி முழுவதும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். பழைய இயந்திரத்தில் என்றால் பக்கத்தையே கிழித்துப் போட்டு மறுபடி அடிக்க வேண்டும். இப்படிக் கிழித்துப் போட்ட பக்கங்களை நினைத்து அவளுக்கு முதல்தடவை கண் கலங்கியது.

ஆகஸ்டில் அலுவலகத்துக்கு வந்தது டாஸ்.

பெட்ரீசியா மூன்று மாதமாக மாலை வகுப்பில் படித்ததும் டாஸ் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. கம்ப்யூட்டரை வைத்துவிட்டுப் போன ஆள் வேர்ட்ஸ்டார் உள்ளே இருக்கிறது என்று சொல்லியிருந்தான். மறுநாளே சோதனை. ஒரு பக்கம் வாடகை ஒப்பந்தம் அடிக்க வேண்டும். அடித்தபின் சதாசிவம் ஒரு வாக்கியம் சொல்லுவார், அதை நடுவில் நுழைத்துத் தர வேண்டும். மூத்தவள் என்பதால் நவமணி முதலில்.

இயந்திரம் தானாகவே எழுந்தது. அவள் வழக்கம்போல 'டபிள்யூ எஸ்' என்று அடித்தாள். திரை ஆங்கிலத்தில், தப்பான கட்டளை என்றது. மறுபடி அடித்தாள். மறுபடியும் தப்பான கட்டளை. வீட்டு இயந்திரம் ஒருநாளும் இப்படி முகத்தில் அடித்தாற்போல் பேசியதில்லை. பிறந்ததிலிருந்து மற்றவர்கள் போட்ட கட்டளைக்கெல்லாம் ஓடியவள், முதல்முறை தானாக ஒரு கட்டளை போட்டால் அது தப்பு என்கிறது. சதாசிவம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நவமணிக்கு மகளின் முகம் ஒரு தடவை வந்து போனது.

பக்கத்தில் தன் முறைக்காக உட்கார்ந்திருந்த பெட்ரீசியா மெதுவாகக் குனிந்தாள்.

"அது வேற ரூம்ல இருக்குக்கா. மொதல்ல உள்ள போவணும். சி டி அடிச்சி, ஒரு எடம் விட்டு, டபிள்யூ எஸ். அப்பறம் மறுபடி டபிள்யூ எஸ்."

அடித்தாள். வேர்ட்ஸ்டார் வந்தது. அதே திரை, அதே விசைகள். அதற்குமேல் அவள் யோசிக்கவே இல்லை, விரல்கள் போய்க்கொண்டே இருந்தன. வாக்கியத்தை நுழைத்தாள், கண்ட்ரோல் பி அழுத்தினாள், பக்கம் சுத்தமாக வெளியே வந்தது. பதினான்கு நிமிஷம்.

பெட்ரீசியா கண்மூடித் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டாள். அடிப்பதில் கொஞ்சம் மெதுவு, ஆனால் தப்பில்லை. வாக்கியத்தை நுழைத்ததும் வரிகள் கோணிக்கொண்டன. வகுப்பில் அவ்வளவு தூரம் போகவில்லை போலிருக்கிறது. ஒவ்வொரு வரியாக உடைத்து ஒட்டிப் பார்த்தாள், இன்னும் மோசமானது. திரும்பி நவமணியைப் பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள்.

நவமணியின் இடக்கை மடியில் கைப்பையின் மேல் இருந்தது. சுண்டுவிரலும் ஆள்காட்டி விரலும் அவளைக் கேட்காமலே பையின் தோலை அழுத்தின, கண்ட்ரோல், பி. அவள் வலக்கையை எடுத்து அதன்மேல் வைத்துக்கொண்டாள். வாயைப் பூட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெளியே பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

நாற்பது நிமிஷத்துக்குப் பிறகு சதாசிவம் போதும் என்றார். அந்த மாதக் கடைசியில் பெட்ரீசியா தன் மேசையைக் காலி செய்தாள். போகும்போது நவமணியின் கையைப் பிடித்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன்பிறகு நவமணிக்கு வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தினமும் பஸ், தினமும் சி டி டபிள்யூ எஸ். வளையல்கள் திரும்பி வந்தன. மகள் மேலே படிக்கப் போனாள். பெர்னார்டின் பெட்டி மேல் ஒரு துணியைப் போட்டுப் பூச்சாடி வைத்தாயிற்று. சாப்பாட்டு நேரத்தில் எதிர் மேசை காலியாக இருந்தது. புளிக்குழம்பு எப்போதும் மிஞ்சியது, அளவைக் குறைக்க அவளுக்குக் கை வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை, ஈப்போ பஸ் நிலையத்தில் பெட்ரீசியாவைப் பார்த்தாள். தொழிற்சாலைச் சட்டை, கழுத்தில் அட்டை. ஷிப்ட் வேலை, கண்தான் ரொம்ப எரிகிறது என்றாள். அப்பா போய்விட்டதைச் சொன்னாள். வஞ்சம் வைக்காமல்தான் பேசினாள். பஸ் வரும் நேரத்தில், சும்மா ஞாபகம் வந்ததுபோல, அந்தக் கோணல் வரிக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள்.

"கண்ட்ரோலும் பி-யும்."

பெட்ரீசியா காற்றில் இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள்.

அப்புறம்தான் தெரிந்துகொண்டேன் என்று நவமணி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுலபமாக வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் அலுத்துப் போயிருந்தாள். பொய்யைச் சொல்லி, அதையும் வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போக அவளால் முடியவில்லை.

"அன்னைக்கே தெரியும், பெட்ரீசியா."

"எனக்கும் தெரியும்க்கா" என்றாள் பெட்ரீசியா, பஸ் படியில் ஒரு காலை வைத்தபடி. "உங்க விரல் பை மேல அழுத்திச்சே, பாத்தேன். எந்த எழுத்துன்னுதான் தெரியல."