பந்து விழும் சத்தம்

நகரியில் எங்களுக்குப் பவர்லூம் பட்டறை. தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய என் வீட்டுக்காரர் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். குழம்பில் உப்பு குறைந்தால் தெருவுக்கே தெரியும்.

ஞாயிறானால் அவர் திருப்பதிக்குக் கோல்ஃப் ஆடக் கிளம்புவதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு சின்னப் பந்தின் பின்னால் வெயிலில் அலைய இத்தனை ஆம்பளைகளா? பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் கூடவே போனேன்.

ஒருவர் அடிக்கும்போது மற்றவர்கள் மூச்சுகூட விடவில்லை. இவர் பந்தை மெல்லத் தட்டினார். அது உருண்டுபோய்க் குழிக்குள் டொக்கென்று விழுந்தது.

“கேட்டுச்சா?” என்றார்.

“இன்னாது?”

“பந்து உழுந்த சத்தம். இதுக்குத்தான் வரேன்.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் மெல்லிய குரலில் பேசியது அன்றுதான். அடுத்த ஞாயிறு அவருக்கு முன்னால் நான் கிளம்பி நின்றேன்.