திரைக்கு வந்த தமிழ்

இன்று கணினி ஆசிரியர் வேலைக்கான பரீட்சை. கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து இராணுவச் சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தேன்.

திரையில் தமிழைத் தெரிவு செய்தால், கேள்விகளுக்குப் பதிலாக வெறும் பெட்டிகள் வந்தன.

மேற்பார்வைக்கு நின்ற சிங்கள மிஸ் வந்து பார்த்தார். "தமிழ் ஃபொன்ட் இல்ல. இங்கிலீஷ்ல செய்ய ஏலுமா?"

"தமிழ்ல படிப்பிக்கத்தானே மிஸ் வந்தனான்," என்றேன்.

அவர் மண்டபத்திலிருந்த எல்லாரையும் பரீட்சையை நிறுத்தச் சொன்னார். பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். "எல்லாருக்கும் ஒரே நேரந்தான்," என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, எழுத்துருவைத் தேடித் தானே பதிந்து தந்தார்.

எழுத்துகள் தெரிந்ததும் கண் கலங்கிவிட்டது. மிஸ், நீங்கள் நல்லாயிருக்க வேண்டும்.

ஆனால் தமிழில் கேட்டு வாங்கிய முதல் கேள்வியே, "நிலைபொருள் என்றால் என்ன?" மேசை கதிரை போன்ற வீட்டுத் தளபாடம் இல்லை என்று மட்டும் தெரியும். விளங்கினவர்கள் சொல்லுங்கள்.