பால் கேனோடு ஒரு சேற்றுப் பந்தயம்

பால்காரர் பரமசிவத்தைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை பேச எனக்கு ரொம்ப நாளாக ஆசை. விஷயம்தான் கிடைக்கவில்லை. சீட்டு ஆடமாட்டார், கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார், பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்கமாட்டார். சிங்கப்பூரில் தெம்பனிஸ் கம்பத்துக் குடிசைகளிலிருந்து சிராங்கூன் ரோடு வரைக்கும் இது தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார்.

1961இல் பட்டாளத்து ஏலத்தில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று எடுத்தார். பின்னால் இரண்டு பக்கமும் பால் கேன். மழை மாதத்தில் இரண்டு தடவை சேற்றில் விழுந்தார். இரண்டாவது தடவை மொத்தப் பாலும் கால்வாய்க்குப் போனது. மனைவி கண்மணி அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

"பைக்க வித்துட்டு இன்னொரு மாடு வாங்குங்க. மாடு வழுக்கி விழாது."

"ரோடு அப்படிடி. எவன் ஓட்டினாலும் விழுவான்."

"மோட்டார் சைக்கிள் கிளப்காரங்க கல் குவாரிப் பக்கம் சேத்துல ரேஸ் வைக்கிறாங்களாமே? அதுல விழாம வந்து காட்டுங்க. பைக் இருக்கட்டும். விழுந்தீங்க, திங்கக்கிழமை மாடு வீட்டுக்கு வந்துரும்."

பரமசிவத்துக்கு அந்த பைக் என்றால் உயிர். பெயர் கொடுத்துவிட்டார்.

பந்தயம் பதினைந்து மைல். மற்றவர்கள், முக்கால்வாசி பட்டாளத்துப் பையன்கள், கனம் குறையட்டும் என்று பைக்கில் விளக்கைக்கூடக் கழற்றியிருந்தார்கள். பரமசிவம் இரண்டு கேன் நிறையப் பாலோடு வந்து நின்றார். கிளப் வெள்ளைக்காரர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்காக அன்று கையில் ஒரு கொடி கொடுத்து வைத்திருந்தார்கள்.

"கனம் இல்லாட்டி பின் டயர் ஆடும்னு சொல்லு" என்றார் பரமசிவம். "அதுவும் இல்லாம, போற வழியில நாலு வீடு இருக்கு."

வெள்ளைக்காரர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பாலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

நல்ல மழை. பட்டாளத்துப் பையன்கள் பறந்து போய், முதல் மைலிலேயே சக்கரம் பாதி புதைந்து நின்றார்கள். பரமசிவம் தினமும் போகிற வேகத்தில் போனார். வீட்டு வாசலில் நிறுத்தினார், அளந்து ஊற்றினார், மறுபடி கிளம்பினார். ஒரு வீட்டில் காலாழாக்கு கூடக் கேட்டார்கள். அதற்கும் நின்றார்.

ஒவ்வொரு வீட்டிலும் கேன் இளைத்துக்கொண்டே வந்ததை அவர் யோசிக்கவில்லை.

கடைசி வீடு பூவம்மா அக்காவுடையது. அதைத் தாண்டினால் குவாரி ஏற்றம். நான் கொடியோடு அங்கேதான் நின்றிருந்தேன். காலிக் கேனோடு ஏறினார். பாதியில் பின் சக்கரம் விலாங்கு மாதிரி நெளிந்தது. ஒரு ரப்பர் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். விழவில்லை. அப்படியே பின்னால் வழுக்கி, பூவம்மா அக்கா வீட்டுக் கிணற்றடியில் வந்து நின்றார்.

கிணற்றைப் பார்த்தார். இப்போதுதான் வாங்கிய பாலைச் செம்பில் வைத்துக்கொண்டு நின்ற பூவம்மா அக்காவைப் பார்த்தார். மறுபடி கிணற்றைப் பார்த்தார். ஒரு மனுஷன் கிணற்றை அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு வாளியை இறக்கினார். இரண்டு கேனும் நிரம்பும்வரை இறைத்து ஊற்றினார்.

"என்ன பரமசிவம் பண்றே?"

"ரேஸுக்குக்கா."

"ஓ. இந்த ரேஸு தெனமும் நடக்குதோ?"

அவர் கேன் மூடிகளை அழுத்தி மூடிவிட்டு மேட்டில் ஏறிப் போனார். பைக் ஆடவே இல்லை.

புறப்பட்டது நாற்பத்தொரு பேர், வந்து சேர்ந்தது ஒன்பது பேர். பரமசிவம் ஒன்பதாவது. கண்மணி அவரைச் சுற்றி வந்து தோளிலும் இடுப்பிலும் சேறு இருக்கிறதா என்று பார்த்தார்.

"விழல. பைக் இருக்கட்டும்."

பைக் வீடு போய்ச் சேருவதற்குள் கிணற்றுச் சேதி சிராங்கூன் ரோட்டுக்குப் போய்விட்டது. நான் சொன்னது இரண்டே பேரிடம். மீதி பூவம்மா அக்கா. செவ்வாய்க்கிழமைக்குள் பதினொரு வீடு பாலை நிறுத்தியது. டீக்கடை காதர் மைதீன்தான் வழி சொன்னார்.

"நீ கலக்கமாட்டேன்னு எனக்குத் தெரியும்லா. தெருவுக்குத் தெரியணுமே. மாட்டக் கொண்டாந்து அவங்க கண்ணு முன்னால கற."

அன்றிலிருந்து பல வருஷம் பரமசிவம் மாட்டை ஓட்டிக்கொண்டு வீடு வீடாக நடந்தார். பைக் கொட்டகையில் நின்றது. வெள்ளிக்கிழமை தவறாமல் கண்மணி அதைத் துடைத்துப் பொட்டு வைப்பார். பார்க்க வந்தவர்களிடம் சொல்வார்:

"இப்பெல்லாம் விழுறதே இல்ல."