செவலை நாயின் மேல் விழுந்த பழி

வேலப்பன்சாவடி ஃப்ளாட்டுக்கு நாங்கள் குடிவந்த இரண்டாவது வருடம் பால் பாக்கெட்டுகள் காணாமல்போக ஆரம்பித்தன. கதவில் மாட்டியிருக்கும் பையில் பால்காரர் விடியற்காலையில் போட்டுவிட்டுப் போவார். ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் ஒரு நாள் எங்கள் பை காலி, மறுநாள் மேல்வீட்டுப் பை காலி. வெறும் கவர்கள் மட்டும் கீழே கார் நிறுத்தும் இடத்தில், செவலை நாய் படுக்கும் தூணருகே கிடந்தன.

கட்டடம் எழும்பிய காலத்திலிருந்தே அந்த நாய் அங்கே இருந்ததாம். யாரையும் கடித்ததில்லை. ஆனாலும் கவர்களோடு அது படுத்திருக்கும் படம் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸப்பில் வந்ததும், நாயைத் தொலைவில் கொண்டுபோய் விடவேண்டும் என்று எல்லாரும் எழுதினார்கள். கையெழுத்துக் கேட்டபோது நானும் போட்டேன். அன்று காலை எங்களுக்குக் காப்பி இல்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு கவர் என் காலில் பட்டது. எடுத்துப் பார்த்தேன். மூலை நேராக வெட்டப்பட்டிருந்தது. ஒரு பல் தடம்கூட இல்லை. வாட்ச்மேனிடம் காட்டினேன். எங்கள் கட்டடம் நிற்கும் நிலத்தில் முன்பு நெல் பயிரிட்ட குடும்பம் அவருடையது. இப்போது அங்கேயே காவல் வேலை.

“இது நாய் கடிச்ச மாதிரியா இருக்கு, அண்ணா?”

“நாயி எங்கனா கத்திரிக்கோல் வெச்சினுகீதாம்மா?” என்றவர் சிரிக்கவில்லை. கேட் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் திரும்பிய விதம் என்னை உறுத்தியது. அன்றிலிருந்து அவர் அறையைக் கடக்கும்போதெல்லாம் தம்ளரைப் பார்த்தேன். பால் டீயா, வெறும் டீயா? வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் கூடையைப் பார்த்தேன். மேல்மாடியில் சேர்ந்து தங்கியிருக்கும் ஐ.டி. பையன்களைப் பார்த்தேன். லிஃப்டில் யாராவது கூடுதலாகச் சிரித்தாலே, ஏன் சிரிக்கிறார் என்று மனசு குடைந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்குக் கதவுத் துளையில் கண்ணை வைத்து நின்றேன். எதிர்வீட்டுக் கதவு சத்தமில்லாமல் திறந்தது. கோயம்புத்தூர்க்காரர், எங்களுக்கு முதன்முதலில் சாவி செய்பவரையும் எலெக்ட்ரீஷியனையும் அறிமுகம் செய்துவைத்த நல்ல மனிதர். எங்கள் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். ஒரு மாடி இடைவெளி விட்டு நானும் இறங்கினேன்.

தூணருகே நின்று சட்டைப் பையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தார். மூலையை வெட்டி, அங்கிருந்த சட்டியில் பாலை ஊற்றினார். நாய் வாலைக் குழைத்துக்கொண்டு ஓடிவந்தது. அவர் பயந்து இரண்டடி பின்வாங்கினார். அது குடித்து முடித்ததும் கவரை அதன் பக்கத்தில் போட்டுவிட்டு மேலே வந்தார். நான் அவசரமாக வீட்டுக்குள் நுழைந்துவிட்டேன்.

அன்றே சங்கத்தில் சொல்லியிருக்கலாம். படம் எடுக்கவில்லையே, யார் நம்புவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆபீஸ் போனேன்.

சனிக்கிழமை நாய் பிடிக்கும் வேன் வந்தது. பிடிக்க வந்தவர்களிடம் நாய் அகப்படவில்லை. கார்களுக்கு அடியில் புகுந்துகொண்டது. அப்போது எதிர்வீட்டுக்காரர் குனிந்து, “வா, வா” என்றார். அது நேராக அவரிடம் வந்தது.

வேன் போனபின் அவரை மாடிப்படியில் மறித்தேன். “நேத்து காலையில பாத்தேன் சார்.”

அவர் மறுக்கவில்லை. “என்ற பொண்ண ஒருக்கா அது தொரத்துச்சுங்க. மூணு மாசமா அவ கீழ வெளையாடப் போறதில்ல. சங்கத்துல நாலு தடவ சொன்னேன். கடிக்கலையேன்னாங்க. பால் போன ஒரே வாரத்துல அத்தன பேரும் கையெழுத்துப் போட்டீங்க.”

“அது உங்களை நம்பித்தானே வந்துச்சு?”

“நாய்தானுங்களே,” என்றார். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

நாயை எங்கே விட்டார்கள் என்று வேன் ஓட்டியவரிடம் வாட்ச்மேன் விசாரித்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை என் ஸ்கூட்டரில் இருவரும் குத்தம்பாக்கம் போனோம். புதிய பேருந்து நிலையத்து வேலியோரம், வேறு நாய்கள் கடித்த காதுடன் அது ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. வாட்ச்மேனைக் கண்டதும் ஊளை மாதிரி ஒரு சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. பிறகு என் கையையும் நக்கியது. கையெழுத்துப் போட்ட கை. அது மன்னித்ததா, அல்லது ஒன்றுமே தெரியாததா என்று யோசித்தேன். எதுவானாலும், சங்கடப்பட்டது நான்தான்.

அங்கேயே வாட்ச்மேனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“உங்களுக்கு மின்னாடியே நான் பார்த்துட்டேம்மா. வெளிய சொன்னா, நான்தான் எடுத்தேன்னு திருப்பி வுட மாட்டாங்களா? வேலை பூடும். நீங்ககூட என் டீயத்தானே பார்த்துகினு இருந்தீங்க?”

அவர் நாயை ஒரு ஆட்டோவில் ஏற்றி, கரையான்சாவடிக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது.

சங்கத்தில் நான் கடைசிவரை சொல்லவில்லை. எதிர்வீட்டுச் சிறுமி இப்போது கீழே ஷட்டில் ஆடுகிறாள். அதைப் பார்க்கும்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தின்மீதும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. பிள்ளையார் சதுர்த்தி அன்று அவள் ஒரு கிண்ணம் சுண்டல் கொண்டுவந்து, “அப்பா குடுக்கச் சொன்னாங்க ஆன்ட்டி,” என்றாள். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். வாயில் போடுமுன் ஒருமுறை முகர்ந்து பார்த்தேன்.