வேரைச் சுற்றி வந்தவர்

கமிசாவா நகர அலுவலகத்தின் பூங்காப் பிரிவில் உசாமி கென்சாகு இருபத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்த்து வந்தார். அவருடைய மேஜையின் கடைசி இழுப்பறையில் கோப்புகளோடு ஒரு கைரம்பமும் ஒரு கட்டு வைக்கோல் கயிறும் கிடக்கும். வேளாண் பள்ளியில் படித்தவர். தோட்டக்காரர் ஒருவரிடம் மூன்றாண்டுகள் மண் சுமந்துவிட்டு அலுவலகத்துக்குள் வந்தவர். ஆகவே நெமவாஷி என்னும் சொல்லை அவர் முதலில் கற்றது குழிக்குள் நின்றுதான்.

பெரிய மரத்தைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் அது பட்டுப்போகும். எனவே ஓராண்டுக்கு முன்பே மரத்தைச் சுற்றி வட்டமாகப் பள்ளம் தோண்டுவார்கள். நான்கைந்து தடித்த வேர்களை மட்டும் தாங்கலுக்கு விட்டு, மற்றவற்றை அறுப்பார்கள். விட்ட வேர்களிலும் கையகலத்துக்குப் பட்டையை உரித்து, மண்ணை மூடிவிட்டுக் காத்திருப்பார்கள். அறுத்த இடங்களில் நூல் நூலாகப் புதுவேர் விட்டால், மரம் பயணத்துக்கு ஆயத்தம் என்று பொருள். ‘நெ’ என்றால் வேர். ‘மவாஷி’ என்றால் சுற்றி வருதல்.

அதே சொல் அலுவலகத்தில் வேறு வேலை செய்தது. ஒரு யோசனை கூட்டத்துக்கு வருவதற்கு முன்பே, அதனோடு தொடர்புடைய ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்துப் பேசி, முணுமுணுப்பைக் கேட்டு, வேண்டிய திருத்தம் செய்து, சம்மதம் வாங்கி வைப்பதற்கும் நெமவாஷி என்றே பெயர். அதைச் சரியாகச் செய்தால் கூட்டம் கால்மணி நேரத்தில் முடியும். வாய் திறந்து யாரும் மறுக்க மாட்டார்கள். கூட்டத்தில் வைத்து ஒருவருக்குப் புதுச்செய்தி சொல்வதைப் போன்ற அவமானம் அங்கே வேறில்லை.

கிழக்குத் தொடக்கப்பள்ளியின் முற்றத்தில் நூற்றெண்பது ஆண்டுக் கெயாக்கி மரம் ஒன்று நின்றது. சாலையை அகலப்படுத்தும் கோடு அதன் நடுவே போயிற்று. அறுபது மீட்டர் தள்ளி, பள்ளியின் பின்திடலில் அதை நடலாம் என்றார் உசாமி. அந்த ஒரு யோசனைக்காக ஒரு குளிர்காலம் முழுவதும் பதினொரு மேஜைகளை அவர் சுற்றி வந்தார். சாலைப் பிரிவின் குராத்தாவுக்கு டப்பாக் காப்பி வாங்கிக்கொண்டு மூன்று மாடி ஏறிப் போனார்.

“உசாமிசான், காப்பியோட வர்றீங்க. என்னமோ பெருசா கேக்கப் போறீங்க.”

“சூடா இருக்கு, குடிங்க. உங்க ரோட்ட ஒரு வருஷம் தள்ளி வச்சா போதும்.”

“ஒரு வருஷமா? மரத்துக்கு அவ்வளவு நேரம் குடுக்கறீங்க. எங்களுக்கு ஒரு பாலத்துக்கே ஆறு மாசந்தான் தருவாங்க.”

“பாலத்துக்கு வேர் வர வேண்டாமே.”

குராத்தா சிரித்துவிட்டார். சம்மதித்தும் விட்டார்.

எல்லாருக்கும் மேலாக உசாமிக்குத் துணை நின்றவர் பூங்காப் பிரிவின் தலைவர் ஹிரோசே. இருவரும் ஒரே ஏப்ரல் முதல் தேதியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அப்படிச் சேர்ந்தவர்களுக்குள் பதவி ஏறினாலும் இறங்கினாலும் மரியாதைச் சொல் கிடையாது, வாடா, போடாதான். நாள்தோறும் எதிரெதிரே அமர்ந்து மதிய உணவு உண்பார்கள். மரத்தைச் சுற்றித் தோண்ட அனுமதி தந்து முத்திரை வைத்தவரும் ஹிரோசேதான். மார்ச் மாதத்தில் உசாமி தாமே குழிக்குள் இறங்கி, வேர்களை அறுத்து, தண்டுக்கு வைக்கோல் கயிறு சுற்றி, முட்டுக்கட்டைகள் கொடுத்தார்.

மறு பிப்ரவரியில், இறுதிக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாக, உசாமி ஓரிடத்தில் மண்ணைத் திறந்து பார்த்தார். அறுத்த முனையெங்கும் வெள்ளை வெளேரென்று வேர் அடர்ந்திருந்தது. கையைக்கூடக் கழுவாமல் அலுவலகத்துக்கு வந்தார்.

“வந்துடுச்சுடா ஹிரோசே. சேமியா மாதிரி கொத்துக் கொத்தா. மூணு வாரத்துல தூக்கலாம்.”

ஹிரோசே கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அப்படியா. நல்லது, நல்லது. மொதல்ல போய்க் கைய கழுவு.”

வியாழக்கிழமைக் கூட்டத்தில் ஒவ்வொருவர் முன்னும் நான்கு பக்கத் தாள் ஒன்று இருந்தது. துணை நகரத்தலைவர் மூன்றாம் பக்கத்தைப் படித்தார். அந்தக் கெயாக்கி மரத்தின் வேர்கள் பெருமளவில் அறுபட்டிருப்பதால் அதன் நிலைத்தன்மை குறைந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளின் பாதுகாப்பைக் கருதி, இடமாற்றத்தைக் கைவிட்டு, இம்மாத இறுதிக்குள் அதை வெட்டி அகற்றுவது தகும்.

உசாமி பக்கத்தைப் புரட்டினார். அவருடைய தாள் மடிப்புக் குலையாமல் இருந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த குராத்தாவின் தாளோ மடங்கிக் கசங்கி, ஓரங்களில் பென்சில் குறிப்புகளோடு இருந்தது. எதிரே இருந்தவருடையதும் அவ்வாறே. அந்த அறையில் மூன்றாம் பக்கத்தை முதன்முறையாகப் படித்தவர் அவர் ஒருவர் மட்டுமே.

“மாற்றுக் கருத்து உண்டா?” என்று கேட்டார் துணை நகரத்தலைவர்.

“புதுவேர் வந்திருக்குங்க” என்றார் உசாமி. “செவ்வாய்க்கிழமை நானே பார்த்தேன். மரம் விழாது.”

யாரும் மறுக்கவில்லை, யாரும் நிமிரவும் இல்லை. குராத்தா காப்பி டப்பாவைத் திருப்பித் திருப்பி அதில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார். “குறித்துக்கொள்கிறோம்” என்றார் துணை நகரத்தலைவர். கூட்டம் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது.

பிற்பகலில் ஹிரோசே ஒரு தாளோடு உசாமியின் மேஜைக்கு வந்தார். வெட்டுவதற்கான ஆணை அது. ஒரு வரிசைக் கட்டங்களில் எல்லாருடைய சிவப்பு முத்திரைகளும் விழுந்திருந்தன. பொறுப்பு அலுவலர் என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

“ரோட்ட சீக்கிரம் தொறக்கணும்னு மேலேருந்து அழுத்தம்டா. என்னால என்ன பண்ண முடியும்?”

“எப்பலேர்ந்து?”

“நவம்பர்லேர்ந்து.”

“நவம்பர்லேர்ந்து தெனமும் என் எதிர்ல ஒக்காந்து சாப்பிட்டிருக்க.”

“சொல்லியிருந்தா நீ ஒத்துக்க மாட்ட. ஒத்துக்க மாட்டேன்னு நீ சொல்லிட்டா, அப்புறம் அத நான் எழுதி வைக்கணும்.”

“பதினோரு பேர்கிட்ட போயிருக்க. குராத்தாவப் பாக்க மூணு மாடி ஏறியிருக்க. என் மேஜ உன் மேஜைக்கு எதிர்லதானே இருக்கு.”

ஹிரோசே தாளின் விளிம்பை நேராக்கினார்.

“அந்த மூணாம் பக்கம்,” என்றார் உசாமி, “அது யார் எழுதினது?”

“வேற காரணம் எதுவும் நிக்கலடா. மரம் நல்லா இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். வேர் அறுத்தது ஒண்ணுதான் பதிவுல இருந்துச்சு.”

“அறுத்தது என் கைடா. அத வச்சே மரத்த முடிச்சிட்ட.”

“ஏப்ரல்ல எனக்குத் துறைத்தலைவர் பதவி வருதுடா. வந்ததும் உன்ன நான் பாத்துக்கறேன்.”

உசாமி இழுப்பறையைத் திறந்து தம் முத்திரையை எடுத்தார். மேலதிகாரியின் முத்திரைக்கு அருகே வைக்கும்போது, வணங்குவது போலச் சற்று அவர் பக்கம் சாய்த்து வைப்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். இருபத்தொன்பது ஆண்டுகள் அவரும் அப்படித்தான் வைத்து வந்தார். கட்டளைக்குக் கீழ்ப்படிகிறேன், ஆனால் உடன்படவில்லை என்பவர்கள் அதைத் தலைகீழாக வைப்பதுண்டு என்று கேள்விப்பட்டிருந்தாரே தவிர, ஒருமுறைகூடக் கண்டதில்லை. வைக்காமலே விடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். விட்டால் இன்னொருவர் பெயரை அந்தக் கட்டத்தில் அச்சிட்டு நாளைக்கே கொண்டு வருவார்கள். மரத்துக்கு ஒருநாள் கூடும், அவ்வளவே. தம் மறுப்பு எங்கும் இராது. முத்திரையை மையில் ஒற்றி, உசாமி என்ற பெயர் தலைகீழாக நிற்கும்படி அந்தக் கட்டத்தின் நடுவில் அழுத்தினார்.

ஹிரோசே அதைக் குனிந்து பார்த்தார். “தலைகீழா விழுந்திருக்குடா. வேற தாள் எடுத்துட்டு வரட்டுமா?”

“வேண்டாங்க, பிரிவுத்தலைவரே,” என்றார் உசாமி. “சரியாத்தான் விழுந்திருக்கு.”

அந்த ‘ங்க’வைக் கேட்டதும் ஹிரோசே தாளைக் கையில் எடுத்துக்கொண்டார். முத்திரையின் ஈரம் காயும்வரை தாளைக் கிடையாகப் பிடித்தபடியே தம் இருக்கைக்குத் திரும்பினார். இரண்டு மேஜைகளுக்கும் நடுவே நான்கடி இடைவெளி. உசாமி தொலைபேசியை எடுத்து, மரம் வெட்டும் ஒப்பந்தக்காரரின் எண்ணை அழுத்தினார். பொறுப்பு அலுவலர் என்ற முறையில் வெட்டும் நாளைக் குறிப்பதும் அவருடைய வேலைதான்.