அலமாரிக்குள் ஓர் அண்ணன்

போன ஞாயிறு மாலை எங்கள் அகதி விடுதியின் டீவி ஹாலில் ஒரு பிரெஞ்சுப் படம் பார்த்தோம். ஜெர்மன் குரல் கொடுத்த நகைச்சுவைப் படம். கதை? கணவன் வெளியே போனால் இன்னொருவன் உள்ளே வருவான். அவ்வளவுதான். குடும்பத்தோடு பார்க்கிற படமா இது?

ஜெர்மனியின் இந்தக் கெல்சென்கிர்ச்சன் நகரில் எங்கள் ஆட்கள் டீவி பார்க்கும் முறையே தனி. ஜெர்மன் வகுப்புக்குப் போய்வந்த குணம் அண்ணை டீவிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, வசனத்துக்கு வசனம் தமிழில் சொல்வார். நாங்கள் டீவியைக் கொஞ்சமும் அவர் வாயை அதிகமும் பார்ப்போம்.

அன்றைக்கு மனுஷனுக்கு வாய் உலர்ந்து போயிருந்தது. காரணம், முன்வரிசையில் அவர் மனைவி, ஐந்தடிக்கும் குறைவான மலர் அக்கா. மூன்று வருஷப் பிரிவுக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து அந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர். 'ஜெர்மனிக்குப் போனவைக்கெல்லாம் அங்க ஒரு வெள்ளைக்காரி இருக்கு' என்று ஊரில் யாரோ நன்றாக ஓதி அனுப்பியிருந்தார்கள். டீவியை நிறுத்தலாமென்றால் பின்வரிசை ஈரான்காரர்கள் விடவில்லை.

படத்தில் கணவன் புறப்பட்டான். பூங்கொத்தோடு மற்றவன் நுழைந்தான்.

"ஆர் உது?" — மலர் அக்கா.

"அவளின்ர அண்ணன்," என்றார் குணம் அண்ணை.

கணவன் திரும்பி வந்துவிட்டான். பூங்கொத்துக்காரனை அலமாரிக்குள் தள்ளிப் பூட்டினாள் மனைவி.

"சொந்த அண்ணனை ஏன் அல்மாரிக்குள்ள பூட்டுறாள்?"

நியாயமான கேள்வி. குணம் அண்ணை கதிரையை டீவிக்கு இன்னும் கிட்ட இழுத்தார்.

"அவருக்கு... விசா இல்லை. புருஷன்காரன் பொலிஸ்."

அதற்குப் பிறகு ஹாலைப் பார்க்க வேண்டுமே! விசா இல்லாதவன் என்றால் எங்களுக்கு நெஞ்சு உருகாதா? கணவன் அலமாரியில் கை வைத்தபோது, "ஐயோ, திருப்பி அனுப்பப் போறான்!" என்று ஓர் அக்கா அலறினார். உள்ளே இருந்தவன் தும்மினான். ஒருவர் முருகனைக் கூப்பிட்டார். பின்னால் ஈரான்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன கல்நெஞ்சக்காரர்கள் என்று திரும்பி முறைத்தோம். அவன் உள்ளாடையோடு ஜன்னலால் குதித்துத் தப்பியபோது எல்லோரும் எழுந்து கைதட்டினோம். கள்ளக் காதலனுக்குக் குடும்பம் குடும்பமாகக் கைதட்டியவர்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

கடைசிக் காட்சி. ரயில் நிலையம். தங்கச்சி ஓடி வந்து அண்ணனின் உதட்டில் முத்தமிட்டாள். அதுவும் சும்மா முத்தமில்லை...

ஹால் முழுக்கக் குணம் அண்ணையைப் பார்த்தது. அவரிடம் தமிழ் தீர்ந்துவிட்டது.

மலர் அக்கா மெல்ல எழுந்தார். "அண்ணைக்கு விசா கிடைச்சிட்டுதாக்கும். இஞ்சேருங்கோ, வாங்கோ. நீங்கள் பூட்டி வைச்சிருக்கிற அல்மாரியையும் ஒருக்காத் திறந்து பாப்பம்."

போனார்கள். எனக்குப் பக்கத்து அறை. நடுவில் அட்டைச் சுவர். "ஆரின்ர பொம்பிளைக் கோட்டு இது? மூண்டு கிடக்கு!" என்று அக்காவின் குரல் கேட்டது. பெண்கள் கோட்டு! ஒன்றல்ல, மூன்று! நான் காதைச் சுவரோடு வைத்தேன்.

"உம்மடதான். ஒவ்வொரு குளிருக்கும், இந்த முறை வந்திடுவீர் எண்டு வாங்கினது. பழைய சாமான் சந்தையில... அதுதான் காட்ட வெக்கமா இருந்துது."



மறுநாள் பொதுச் சமையலறையில் மலர் அக்கா அந்தக் கோட்டுகளில் ஒன்றைப் போட்டுக்கொண்டு புட்டு அவித்தார். வெளியே கோடை வெயில். "வேர்க்கேல்லையோ அக்கா?" என்றேன்.

"வேர்க்குதுதான்," என்றார், இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டி. "ஆனா அளவைப் பாருங்கோ தம்பி. எந்த வெள்ளைக்காரிக்கு இது ஏறும்?"