பூச்சி கடித்த மச்சான்

வௌவால்காரர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். மலைக்குகைகளுக்குள் புகுந்து வௌவால் எச்சத்தைச் சுரண்டி, மூட்டை கட்டி, தோட்டங்களுக்கு உரமாக விற்பது தொழில். பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட் தானாகக் காலியாகிவிடும். "நமக்கு எப்பவும் ரெண்டு சீட்டு" என்று அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

அந்தக் குகைச் சுவர்களில் ஒரு ஜந்து உண்டு. வாலில்லாச் சாட்டைத்தேள் என்று படித்தவர்கள் சொல்வார்களாம். அவருக்கு அது வெறும் பூச்சி. தட்டை உடம்பு, நண்டு மாதிரி பக்கவாட்டு நடை. முன்னால் நூலாக நீண்ட இரண்டு கால்களால் இருட்டைத் தடவித் தடவிப் பார்க்கும். பார்த்தால் குலை நடுங்கும். ஆனால் கொடுக்கும் இல்லை, விஷமும் இல்லை. முதன்முதலில் பார்த்தபோது இவரும் அலறியவர்தான். அதை யாரிடமும் சொன்னதில்லை.

மனைவியின் அண்ணன் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அவரும் குகைக்கு வந்து சேர்ந்தார். வந்த அன்றே அவர் சட்டைக்கையில் அந்தப் பூச்சி ஒன்று ஏறிவிட்டது. மனிதர் ஒற்றைச் செருப்போடு வெளியே ஓடினார். வௌவால்காரருக்குக் கேட்கவா வேண்டும்? வீட்டில் சொன்னார், டீக்கடையில் ஓடிக்காட்டினார். மச்சானின் மனைவி எதிரிலேயே கூட ஒருமுறை நடித்துக்காட்டினார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அதன் பிறகு சுவரில் எது ஊர்ந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

அன்று குகையில் இருவர் மட்டும்தான். வௌவால்காரர் முன் அறையில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். உள்ளறையிலிருந்து மச்சானின் குரல் வந்தது. சத்தம் போடவில்லை, கூச்சத்தோடு கூப்பிட்டார்.

"மாப்ள, பூச்சி கடிச்சிடுச்சு."

"அதுக்குப் பல்லே கிடையாது மச்சான்! உதறிட்டு வேலையப் பாருங்க. இந்தத் தடவையாவது ரெண்டு செருப்பையும் போட்டுட்டு ஓடுங்க!"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். உள்ளேயிருந்து பதில் வரவில்லை. ரோஷம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து அடுத்த மூட்டையைத் தைக்க உட்கார்ந்தார். அதையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

மச்சான் சுவரில் சாய்ந்து கிடந்தார். இமை தூக்க முடியவில்லை, நாக்கு குழறியது. கணுக்காலில் பொடிப்பொடியாக இரண்டு புள்ளிகள். காலடியில், மண்வெட்டியால் அடித்து நசுக்கிய கட்டுவிரியன்.

அதைப் பார்த்ததும் வௌவால்காரருக்கு விளங்கிவிட்டது. மனைவியின் வீட்டில் பாம்பை யாரும் பாம்பு என்று வாயால் சொல்ல மாட்டார்கள். பூச்சி என்றுதான் சொல்வார்கள். இத்தனை வருஷக் குடித்தனத்தில், கிணற்றடியில் அவள் "பூச்சி போகுது, பார்த்து வாங்க" என்று சொல்லி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்.

தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். ரோட்டில் வந்த வேனை மறித்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே மூச்சு நின்றிருந்தது. "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கக் கூடாதா?" என்றார் டாக்டர். அவர் திட்டவில்லை, வருத்தத்தோடுதான் கேட்டார்.

மனைவி தலைவிரி கோலமாக வந்து சட்டையைப் பிடித்தாள்.

"கூடவே இருந்தீங்களே! கடிச்சதும் அண்ணன் கூப்பிடலையா?"

பூச்சி என்று சொன்னால் போதும், அவளுக்குப் புரிந்துவிடும். வேறு யாருக்கும் புரியாவிட்டாலும் அவளுக்குப் புரியும். வௌவால்காரரின் நீள வாய் வறண்டுபோனது.

"கூப்பிடலை" என்றார்.

அதன் பிறகு துக்கம் கேட்க யார் வந்தாலும் அவள் மாரில் அடித்துக்கொண்டு அண்ணனைத்தான் திட்டினாள். "வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பொழச்சிருப்பானே! இவரு பக்கத்துலதானே இருந்தாரு! என்ன வெட்கமோ, அப்படியே உக்காந்து செத்திருக்கான் பாவி!" மச்சானின் மனைவியும் அழுதுகொண்டே, ஆமாம், எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டார் என்றாள்.

வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். வௌவால்காரரும் கூடவே தலையாட்டினார்.